அஸுகி நின்ற பக்கம்

ஃபுமியே,

மீன் வாங்கப் போகிறேன். அஸுகி ஆறு மணிக்கே சாப்பிட்டுவிட்டாள். அதை மறந்து மறுபடி கேட்பாள்; சூரைமீன் சீவல் ஒரு சிட்டிகை போதும்.

நேற்று அவள் கதவருகே நின்று கத்தியபோது நான், "இது நம்ம பூனையே இல்ல, ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வச்சிடலாம்" என்றேன். "மீன் வாங்கப் போயி முடிவெட்டிக்கிட்டு வந்தீங்களே, உங்களுக்கும் போட்டுடலாமா?" என்றாய்.

காலையில் கவனித்தேன். நம் அறையின் தள்ளுகதவில் நாம் திறப்பது இடப்பக்கம் மட்டும். அவள் வலப்பக்கம் நின்று கத்துகிறாள். உள்ளே அலமாரியை நகர்த்தி, அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வாலை உயர்த்திக்கொண்டு வந்துவிட்டாள்.

ஷிகேயோ

பி.கு.: இடுப்பு பிடித்துக்கொண்டது.

நாளைக்கு எங்கே நிற்பாள் என்று பார்க்க வேண்டும். இன்று நாலு மணிக்கு ஊசியோடு வரவிருந்த மருத்துவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.