ஜீப்புக்கு வைத்த மூக்கு

ஜமுனாமரத்தூர்,
14.3.1983

அன்புள்ள ஜாஹிதாவுக்கு,

உஸ்மானின் ஸலாம். உன் இடுப்பு வலி குறைந்ததா? வாப்பா மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? நான் நலம். சும்மா உட்கார்ந்தால்தான் கை நமநமக்கிறது.

ரோடு கான்ட்ராக்டரின் ஜீப்பை ஓட்டுகிறேன் அல்லவா, அது மேடு வந்தாலே திணறும். எஞ்சின் தன் சூட்டுக் காற்றையே இழுக்கிறது என்று கண்டுபிடித்தேன். எண்ணெய் டின்னை வெட்டிக் குழாய் செய்து, அதன் வாயை ரேடியேட்டருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தேன். மலைக் குளிர்காற்று உள்ளே போனதும் வண்டி துள்ளி ஏறியது.

நேற்று கெங்கம்மாள் என்ற அம்மா, தன் மகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூப்பிட்டார். பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. மகள் பின்னால் கத்துகிறாள், நான் பானெட்டைத் திறந்தேன். எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் குழாய்க்குள் விரலை விட்டால், அடைத்துக்கொண்டு ஒரு கொத்து வேப்பிலை!

"புதுசா வெச்சிருக்கியே, கண்ணு பட்டுடப் போவுதுன்னு நான்தான் சொருவினேன் சாமி. இன்னா தப்பு?" என்றார் அந்த அம்மா.

பிடுங்கி எறிந்ததும் வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, தாய் பிள்ளை இருவரும் சுகம். அழுகைச் சத்தம் கேட்டதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. துடைத்த வண்டியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். உனக்கு டாக்டரம்மா எந்தத் தேதி சொன்னார்? உடனே எழுது.

குழாயில் தூசி போகாமல் கட்டத் துணி வேண்டும். உன் பழைய நூல் புடவையில் ஒரு முழம் கிழித்து அனுப்பு. தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

உஸ்மான்

புடவையைத் துவைக்க வேண்டாம். அப்படியே அனுப்பு.