பீரங்கிக்கு வைத்த பொட்டு

காலையில் தாம்பாளத்தைப் போட்டுத் தேய்த்தேன். புளி, சாம்பல், சோப்புத்தூள் எல்லாம் பார்த்தாயிற்று. பித்தளை பளபளவென்று வந்துவிட்டது, கியர் ஆயில் வாசனை மட்டும் போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் நீங்கள் வேலை முடித்து வாசலில் வந்து நிற்கிற மாதிரியே இருக்கிறது. அதற்கப்புறம் தேய்க்க மனசு வரவில்லை.

உங்களிடம் ஒரு சேதி சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் இந்த மடல். வண்டி ஒழுகல் நின்றுவிட்டது. காரணத்தைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளவும் கூடாது.

இது என் அம்மா வீட்டுச் சீரோடு வந்த தாம்பாளம். இதைக் கொண்டுபோய் உங்கள் பழைய செயின் டிராக்டருக்கு அடியில் வைத்தீர்களே, அன்று நான் போட்ட சத்தம் கோட்டை உச்சி வரை கேட்டிருக்கும். டயருக்குப் பதிலாக இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்துபோகும் அந்த வண்டியை ஊரே பீரங்கி என்றுதான் கூப்பிட்டது. நம் பக்கத்துப் பாறைக் கொல்லை நிலத்தில் மற்ற வண்டிகள் திணறி நிற்கும்போது அது தன்பாட்டுக்கு ஏறிப்போகும். நிறுத்தினால் மட்டும் ஒரு பக்கமாக ஆயில் வடிக்கும்.

“ஏங்க, வூட்ல வேற தட்டே இல்லியா?”

“கோச்சிக்காதடி. உன் அம்மா வூட்டு தட்டுதான் அகலமா, நம்ம வண்டி ஒழுக்குக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது.”

திட்டவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றேன். அப்புறம் ஆயில் கசியாமல் தடுக்கும் அந்த ரப்பர் சீலை எத்தனை முறை மாற்றினீர்கள்! புதுசு போட்டதும் கொஞ்சம் அடங்கும், வண்டி சூடேற ஓடினால் மறுபடி வடியும். “எல்லாம் டூப்ளிகேட்டு. நல்ல சாமானு எவன் விக்கிறான்?” என்று கடைக்காரரைத் திட்டுவீர்கள். அடியில் படுத்தபடி கையை மட்டும் வெளியே நீட்டுவீர்கள். எந்த ஸ்பானர் என்று சொல்ல மாட்டீர்கள். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

ஆயுத பூஜை அன்று திட்டெல்லாம் மறந்துபோகும். வண்டியைக் கழுவி, மேலே ஏறி, கியர் பாக்ஸ் உச்சியில் இருக்கும் அந்தச் சின்ன இரும்பு மூடியில் சந்தனம் வைப்பீர்கள். “இதாண்டி இதுக்கு நெத்தி.” போன வருஷத்துப் பொட்டு காய்ந்து ஒட்டியிருக்கும். நான் சுரண்டப் போனால் கையைத் தட்டிவிடுவீர்கள். “சாமிக்குன்னு வெச்சத சொரண்டக் கூடாது. அதும் மேலயே வைக்கலாம்.” இறங்கி வந்து, விரலில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை என் நெற்றியில் இழுப்பீர்கள். “வண்டிக்கு வெச்ச மிச்சம் உனுக்கு.” பிள்ளை சேகர் பார்க்கிறானே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் அதற்காகத்தான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.

நீங்கள் போன பிறகும் நான் விடவில்லை. அதே மூடி, அதே இடம். வைத்துவிட்டு மிச்சத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வேன். உங்கள் அக்கா பார்த்துக்கொண்டே இருப்பார்.

போன மாதம் சேகர் வந்தான். பழைய இரும்பு எடுப்பவரிடம் பேசிவிட்டானாம். “ஒழுகற வண்டிய எவன்மா நெலத்துல உடுவான்? நைனா இருந்தாரு, ஓட்டினாரு. இப்ப எடத்த அடச்சிக்கினு கெடக்குது.” அவன் சொன்னதிலும் தப்பில்லை. கல் கொல்லையைச் சமன் செய்யக் கூப்பிட வந்த தொண்டூர்க்காரரே அடியில் ஆயிலைப் பார்த்துவிட்டு, “பயிர் வெக்கற மண்ணுமா” என்று திரும்பிப் போய்விட்டார். ஆனாலும் அதைத் துண்டுதுண்டாக வெட்டி லாரியில் ஏற்றிவிடுவார்களே. உங்களை இன்னொரு தடவை தூக்கிக் கொடுக்க என்னால் ஆகாது. “கடைசியா ஒரு வாட்டி சீல் மாத்திப் பாக்கறேன்டா. அப்பவும் ஒழுகினா எடுத்துக்கோ” என்றேன்.

அவலூர்பேட்டையிலிருந்து உங்கள் கூட்டாளி பாஷா வந்தார். இந்தத் தடவை அடியில் படுத்தது அவர், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நான். புது சீல் போட்டு, நம் கொல்லையிலேயே ஓட்டிப் பார்த்து நிறுத்தினோம். தாம்பாளத்தில் சொட்டு விழுந்தது. சேகர் போனை எடுத்து இரும்புக்காரர் நம்பரைத் தேட ஆரம்பித்தான்.

உள்ளே ஆயில் எவ்வளவு மிச்சம் என்றாவது பார்க்கலாம் என்று மேலே ஏறினேன். நீங்கள் பொட்டு வைக்கும் மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது என்பீர்கள், ஒருநாளும் அப்படித் திறந்ததில்லை. நான் ஈரத்துணியைப் போட்டுத் திருகிவிட்டேன். ‘உஸ்ஸ்’ என்று ஒரு சீறல்!

“இன்னாமா சத்தம் அது?” என்று பாஷா ஓடிவந்தார். மூடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கல்லில் தட்டினார். காய்ந்த சந்தனம் அடை அடையாகப் பெயர்ந்து விழுந்தது.

“அட, வண்டி மூச்சு உடற ஓட்டைமா இது! உங்க வூட்டுக்காரு சந்தனத்த வெச்சே அடச்சிக்கிறாரு. உள்ள காத்து சூடாயி, போவ வழியில்லாம ஆயில நெட்டித் தள்ளுது. சீலு பாவம், அது இன்னா பண்ணும்?”

முதலில் சிரித்தது சேகர்தான். “நைனா…” என்று ஆரம்பித்தவன் முடிக்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். போன் சட்டைப்பைக்குள் போய்விட்டது. கடைக்காரரை அத்தனை திட்டு திட்டினீர்களே, இனிமேல் அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது, சொல்லுங்கள்.

ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்து மூடினோம். சொல்லியனுப்பியதும் தொண்டூர்க்காரர் சம்மதித்தார்; அவர் நிலத்தில் பாஷாதான் பொழுதெல்லாம் ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் தாம்பாளத்தை அடியில் வைத்தேன். விடிந்து பார்த்தால் காய்ந்து கிடந்தது. பெயர்ந்து விழுந்த சந்தனத்தில் ஒரு துண்டை நான் எடுத்து வைத்திருக்கிறேன். மேலே மெல்லிசாக இருப்பது நான் வைத்தது, அடியில் தடியாக இருப்பதெல்லாம் நீங்கள்.

இன்று ஆயுத பூஜை. தாம்பாளம் பூஜைக்கே திரும்பிவிட்டது. சேகர் மாலை வாங்கி வந்து அவனே போட்டான். நான் சந்தனம் குழைத்து மேலே ஏறினேன். உங்கள் மூடியைத் தொடவில்லை, முன்பக்கத் தகட்டில் வைத்தேன். இறங்கும்போது விரலில் மிச்சம் இருந்தது. தலைப்பைத் தேடினேன். உங்கள் அக்கா எதிரிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், விரலைப் பார்த்தார்.

“வண்டிக்கு வெச்ச மிச்சம் அண்ணி,” என்றேன்.

“அதான் கையில காயுது இல்ல, வெச்சிக்கியேன்,” என்றார்.

இதை எழுதும்போது நெற்றி லேசாக இழுக்கிறது. சந்தனம் காய்கிறது. கழுவப் போவதில்லை.