பாண்டியம்மாளின் உள்ளங்கால்

புரட்டாசி, வியாழன்

கோபம் இன்னும் தணியவில்லை. தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து பாண்டியம்மாளைக் கூட்டி வந்த போர்மேன், அவள் உள்ளங்காலில் இருந்த கறுப்பை வெடிமருந்துக் கறை என்றார். தேய்த்துக் கழுவினேன், போகவில்லை. வெறுங்கண்ணை நான் நம்புவதில்லை. ரேகையில் மேடு எது, பள்ளம் எது என்று தெரிய, வழக்கம்போல் பேனா மையைத் தடவித் துடைத்தேன். மை ரேகைப் பள்ளங்களில் மட்டும் தங்கியது. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பை வைத்துப் பார்த்தால், அந்தக் கறுப்பு ரேகை மேடுகளில் ஓடியது. சாதாரண மச்சம் பள்ளங்களில்தான் ஓடும், மேடுகளில் ஓடுவது அபூர்வம். புற்றாக இருக்கலாம், மதுரைக்குப் போய் உடனே சதைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றேன்.

போர்மேன் சிரித்தார். "மையை நீங்களே பூசிட்டு, கறுப்புங்கீகளே டாக்டரய்யா. தீபாவளி லோடு ஏறட்டும். அம்புட்டு அவசரமா?"

பாண்டியம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அய்யா, உங்க மகளுக்குன்னா எம்புட்டு நாள் பொறுப்பீக?"

"இன்றைக்கே கூட்டிப் போவேன்." என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

போர்மேன் கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு தனியாகத் திரும்பிப் போனார். அவள் நான் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு மதுரை பஸ் ஏறினாள். மறுபடியும் நினைத்துப் பார்க்கிறேன், மேடுகளில்தான் ஓடியது. என் கணிப்பு தப்பென்றால் அந்த ஆள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். தப்பாகவே இருக்கட்டும்.