எல்லாரும் நல்லதாவே போடுங்கடி

என்னைப் பெற்ற மகராசிக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இன்று உன் மேல் எனக்கு அடங்காத கோபம். செத்தவளிடம் கோபப்படலாமா என்று கேட்காதே. வேறு யாரிடம் போய்க் கோபப்படுவேன்?

நேற்று பல்கலைக்கழகத்தில் எங்கள் உளவியல் துறைக்குப் போயிருந்தேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களின் மனக்கவலை பற்றிய என் ஆராய்ச்சிக்காக, அவர்களிடம் கொடுத்து நான் வாங்கிவந்த கேள்வித்தாள் அத்தனையும் கைடு சாரின் மேஜை மேல் கிடந்தது. தூக்கம் கெடுகிறதா? ஒருபோதும் இல்லை. அழுகை வருகிறதா? ஒருபோதும் இல்லை. எந்தத் தாளை எடுத்தாலும் அதே டிக்.

“ஏம்மா செல்வி, விடியுமுன்ன ஜீப்புல நெருக்கியடிச்சு மலையேறுற பொம்பளைக்கு ஒரு கவலைகூடவா இருக்காது? உங்க ஊரு என்ன சொர்க்கமா?” என்று சிரித்தார். ஒரு வருட உழைப்பு ஒன்றுக்கும் ஆகாதாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே பேச்சியம்மா சித்தி வீட்டுக்குப் போனேன். தோட்டத்து ஜீப்பில் எப்போதும் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் அவள்தானே.

“ஒங்கம்மாதானத்தா சொன்னா. ‘இது எம்புள்ள பரீச்சை, எல்லாரும் நல்லதாவே போடுங்கடி, அப்பத்தான் பாஸாவா’ன்னு ஜீப்பு ஜீப்பா ஏறி எறங்கிச் சொன்னாளே!”

அடி ஆத்தா! இது பரீச்சை இல்லை, சரி தப்பு கிடையாது என்று எத்தனை தடவை சொன்னேன்? எல்லாவற்றுக்கும் தலையைத் தலையை ஆட்டினாயே!

சார் ஒரு வழி சொல்கிறார். தலைப்பை மாற்றிக் கல்லூரிப் பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்தால், ஒரே மத்தியானத்தில் எல்லாத் தாளும் நிறைந்துவிடும். ஆராய்ச்சியை முடிக்க இனி ஆறு மாதம்தான் அவகாசம். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்புறம் ஒன்றாம் எண் தாளை எடுத்தேன். கேட்டுப் பழகுவதற்காக உன்னிடம் முதலில் கொடுத்தேனே, அதுதான். நெஞ்சு படபடக்கிறதா? ஒருபோதும் இல்லை. மூச்சு வாங்குகிறதா? ஒருபோதும் இல்லை.

கம்பம்மெட்டு வளைவில் ஜீப்பிலேயே நீ சாய்ந்த அன்று, ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “மாசக்கணக்கா நெஞ்சு வலி இருந்திருக்கணுமே, உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?” மனசைப் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்தவள் நான். பெற்றவள் போட்ட பொய்யை வாங்கி, எண் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏம்மா அப்படிப் போட்டாய்? நான் பாஸாக வேண்டும் என்றா, நான் பயந்துவிடுவேன் என்றா?

தலைப்பை மாற்றப் போவதில்லை. திங்கட்கிழமையிலிருந்து நானும் ஜீப்பில் ஏறுகிறேன். உன் இடத்தை எனக்குப் பிடித்துவைப்பதாகப் பேச்சியம்மா சித்தி சொல்லியிருக்கிறாள். “நெசத்தைச் சொன்னா தாங்குவியாத்தா?” என்றும் கேட்டாள். தெரியவில்லை.

இந்தத் தடவை யார் கையிலும் தாளைக் கொடுக்கமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து வாயால் கேட்பேன். ‘ஒண்ணுமில்லத்தா’ என்று யார் சொன்னாலும் இன்னொரு தடவை கேட்பேன், அம்மா. உன்னிடம் நான் கேட்காமல் விட்டது அந்த இன்னொரு தடவைதான்.

இன்னும் பாஸாகாத உன் மகள்,
செல்வி