மூன்றாவது வரிசை, கட்டம் போட்ட சட்டை

வட்டம் 21, நெய்வேலி
9.2.2025

தம்பி அருண்பிரசாத்துக்கு,

அண்ணன் கருப்பசாமி எழுதுவது. உன் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. அது ஊர் முழுக்கச் சுவரொட்டியில் சிரித்துக்கொண்டிருக்கிறது. போன் செய்தால் உன் மேனேஜர் எடுத்து, "சார் ரெஸ்ட்ல இருக்காரு" என்கிறான். அனுப்பும் செய்திக்கெல்லாம் இரண்டு நீலக் கோடு விழுவதோடு சரி. ஆகவே பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியாக வேண்டும்.

ஜனவரி 18ஆம் தேதி நம் ஊர் மைதானத்தில் பாடினாய். மைதானத்திலிருந்து நம் குவார்ட்டர்ஸுக்குப் பைக்கில் ஏழு நிமிடம். அம்மாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து இரண்டு வருடமாகிறது என்று உனக்குத் தெரியும். நான்கு முறை எழுதியிருக்கிறேன். நீ வருவாய் என்று அன்று காலையிலேயே தலைவாரிவிடச் சொன்னாள். நீ வரவில்லை. சாயங்காலம், "நீயாவது போயி அவனப் போன்ல காட்டு" என்றாள். அவள் கேட்டதால் வந்தேன். இல்லாவிட்டால் உன் கச்சேரிக்கு நான் வருகிற ஆளில்லை.

மூன்றாவது வரிசையில் நின்று வீடியோ கால் போட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தேன். என்னைச் சுற்றி ஆயிரம் பேர் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் முத்தாண்டிக்குப்பத்துத் தனம், தன் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

இரண்டாவது பாட்டை நடுவில் நிறுத்தினாய். விரலை நீட்டினாய். "மூணாவது வரிசை, கட்டம் போட்ட சட்டை அண்ணே! கண்ணு நல்லாத்தானே இருக்கு? போனைக் கீழ இறக்குங்க. வீட்ல இருக்கவங்களுக்குக் காட்டணும்னா அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாய்.

மைதானமே சிரித்தது. பதினோரு வருடம் கழித்து நீ என்னை அண்ணே என்று கூப்பிட்டது அப்போதுதான்.

விளக்கு கண்ணில் அடித்தது, ஆள் தெரியவில்லை என்பாய். இருக்கட்டும். ஆயிரம் போனில் என் போன்தான் உன்னை உறுத்தியதா? உன் ஆளே பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு உன்னைச் சுற்றிச் சுற்றி வந்தானே, அவனால் உன் சுருதி கெடவில்லையா? கச்சேரி முடிந்து அதிகாரிகளின் குடும்பங்களோடு அரை மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டாய். கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே நின்று பார்த்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

நீ என்னைத் திட்டியதை யாரோ படம் பிடித்து மறுநாளே ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். மைன்ஸ் கேன்டீனில் கூட வேலை செய்யும் ராமலிங்கம், "என்னங்க, இன்னிக்குக் கோடு போட்ட சட்டையா? நல்லதுங்க, பாட்டுக்காரர் கண்ணுல படாது" என்றார். மேசையே சிரித்தது. நீ என் தம்பி என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் சொல்லிக்கொண்டதில்லை; நீயும் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை.

இதற்காகவெல்லாம் நான் பதிவுத் தபால் செலவு செய்ய மாட்டேன். விஷயம் வேறு.

நீ சொல்லி முடித்ததும் போனை இறக்கினேன், வீடியோ கால் கட்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே தனம், "ஆயா அழுதுகினே சிரிக்குதுங்க, வந்து பாருங்க" என்றாள். நீ பேசியது எதுவும் அம்மாவுக்குக் கேட்கவில்லை. ஒரே இரைச்சலாம். உன் முகமும் நேராக அவளை நோக்கி நீண்ட விரலும்தான் தெரிந்திருக்கிறது. "பெரியவனே, அவன் என்னப் பாத்துட்டாம்ல. பாட்ட நிப்பாட்டி, என்னயக் கை காட்டி என்னமோ சொன்னான். என்னலே சொன்னான்?" என்று குழறிக் குழறிக் கேட்டாள்.

"சீக்கிரம் வீட்டுக்கு வர்றேன்னு சொன்னாம்மா" என்றேன்.

பள்ளியில் படிக்கும்போது நீ இசைக்குழு ஒத்திகைக்குப் பண்ருட்டிக்கு ஓடுவாய். அப்பா கேட்டால் டியூஷன் போயிருக்கிறான் என்பேன். அந்தப் பொய்க்காக அப்பாவின் பெல்ட்டால் இரண்டு முறை நான் அடி வாங்கினேன். நீ பாடகனானாய். அந்தக் கணக்கிலேயே இந்தப் பொய்யும் சேர்ந்துவிட்டது. மூன்று வாரமாகத் தினமும் காலையில் தலைவாரிவிடச் சொல்கிறாள். எதிர்வீட்டு அம்சவல்லி அக்கா முதல் பால்காரர் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். போன வாரத்திலிருந்து கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

பதினோரு வருடத்துக்கு முன் அப்பா காரியத்தன்று நீ தாமதமாக வந்தபோது, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னது நான். பத்துப் பேர் பார்க்கச் சொன்னேன். அதற்குத்தான் மைதானத்தில் பதில் சொன்னாய் என்றால் கணக்கு நேராகிவிட்டது. அம்மா அப்படி உன்னிடம் சொன்னதில்லை.

இந்த மாதம் முழுக்க முதல் ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை நான் வீட்டில் இருக்க மாட்டேன். என் முகத்தில் விழிக்காமலே நீ வந்து போகலாம். கேமராக்காரனையும் கூட்டி வா, பரவாயில்லை. அவள் கேட்டால், "ஆமாம்மா, உன்னைத்தான் பார்த்தேன், உன்னைத்தான் கூப்பிட்டேன்" என்று மட்டும் சொல். உனக்காக நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எனக்காக நீ இந்த ஒன்றைச் சொல்.

தொண்டையைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கட்டம் போட்ட சட்டை,
உன் அண்ணன் கருப்பசாமி