ஐம்பத்திரண்டுக்குப் பத்தொன்பது

என் அருமை சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் மகள் வக்கீல் பரீட்சையில் தேறிவிட்டாள். அவள் தம்பி நீச்சலில் வாங்கின கோப்பைக்கு அலமாரியில் இடமில்லை, ஃபிரிட்ஜ் மேல் நிற்கிறது. உன் அக்காவின் வாயாடி மகள் பேச்சுப் போட்டியில் முதல், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. உன் மகன் கணக்கில் இரண்டாவது என்று எழுதியிருந்தாய், நான் தெருவில் முதல் என்றே சொல்லிவிட்டேன், யாராவது கேட்டால் காட்டிக்கொடுக்காதே. இப்பேர்ப்பட்ட குடும்பத்தில் உன் அப்பா போன வாரம் ஐம்பத்திரண்டுக்குப் பத்தொன்பது மார்க். சொல்லவே நாக்கூசுகிறது.

அப்பா இருக்கும் மறதி இல்லத்துக்கு ஒருத்தி ஃபைலும் கையுமாக வந்தாள். மறதிக்காரர்கள் எவ்வளவு நன்றாக வாழ்கிறார்கள் என்று அளக்க வந்தாளாம். பதின்மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மோசம், சுமார், நல்லது, பிரமாதம் என்று நாலு கட்டம், ஒன்றிலிருந்து நாலு வரை மார்க். உடம்பு எப்படி, மனசு எப்படி, கட்டினவளோடு உறவு எப்படி என்று முகத்தை நிமிர்த்தாமலே கேட்டாள், பேனாவால் பல் குத்தாத குறை. அப்பா இன்னும் தன் தையல்கடையில் இருக்கிற நினைப்பில் எல்லாவற்றுக்கும், "நல்லாத்தான் இருக்கேன், உங்களுக்கு என்ன தைக்கணும்?" என்றார். அவளோ அவர் காதுபடவே, "அவருக்குத் தன் நிலைமை தெரியாதும்மா, நீங்க போடறதுதான் கணக்கு" என்றாள். ஆளை எதிரே வைத்துக்கொண்டு ஆளே இல்லாத மாதிரி ஒரு பேச்சு, எனக்கு அவள்மேல் கோபம். அதைவிடக் கோபம் என்மேல். அன்று காலை என்னைப் பார்த்து, "யாரம்மா நீங்க, கடை பத்து மணிக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அந்த ஆத்திரத்தில் பேனாவைப் பிடுங்கி மோசம் மோசம் என்று குத்தித் தள்ளினேன். அவர் வாழ்வுக்கு மார்க் போடச் சொன்னால் என் வயிற்றெரிச்சலுக்குப் போட்டு வைத்திருக்கிறேன், தூ. மறுநாளே மேனேஜர் கூப்பிட்டு, இந்த மார்க்குக்கு அவரை மேல்மாடிக்கு மாற்ற வேண்டும் என்கிறார். அது பூட்டுப்போட்ட மாடி. தெருப்பக்க ஜன்னல் கிடையாது, இன்ச் டேப்பும் கூடாது, கழுத்தைச் சுற்றிக்கொள்வார்களாம். நாற்பது வருஷம் அவர் கழுத்தில் தொங்கினது!

அப்பாவின் அறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து டேப்பை எடுத்தார். அளவுக்கு நிற்கிறவர்கள் வயிற்றை எக்கிக்கொள்வார்கள், அதனால் அவர் பேச்சுக் கொடுத்து, பதில் சொல்லி மூச்சு விடும்போதுதான் அளப்பார், நீ கடையில் பார்த்ததுதானே. இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடமே, "வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கார்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "இதுதான் சரியான அளவு" என்று டேப்பைச் சுருட்டினார்.

நேரே மேனேஜரிடம் போய், "அந்த மார்க் நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குடுத்த அளவு, அந்தச் சட்டை அவருக்குச் சேராது" என்றேன். கேள்வி கேட்கிற அந்த அம்மாள் ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் அரைமணி நேரம் அப்பா பக்கத்தில் உட்கார வேண்டும் என்றும் சொன்னேன். மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே, வருகிற வியாழக்கிழமை மறுபடி எழுதச் சம்மதித்திருக்கிறார். அதுவரை அப்பா கீழேதான். பேனா என் கையில், இந்த முறை அவர் சொல்கிற கட்டத்தில்தான் போடுவேன்.

நீங்கள் மூவரும் தீர்க்காயுசாய், குறையொன்றும் இல்லாமல் இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. முக்கியமானது ஒன்று. ஜன்னலில் செருகிய உன் படத்தைப் பார்த்து அப்பா தினமும் சலித்துக்கொள்கிறார். யாரென்று தெரியவில்லை, ஆனால், "இந்தப் பொண்ணுக்குக் கழுத்துக்குக் கீழே ஒண்ணும் காணோமே, எப்படித் தைக்கிறது?" என்கிறார். ஆகையால் தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்து உடனே தபாலில் அனுப்பு. எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காமல் நில்.

இப்படிக்கு,
உன் அம்மா