கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவள்

அன்பு மகளுக்கு,

உன் குட்டி இப்போது எல்லாவற்றையும் இனம் பிரிக்கிறாள். வெங்காயம், பல்பு, என் வழுக்கைத் தலை எல்லாமே அவளுக்குப் பந்துதான்.

"அம்மா" என்றும் சொல்கிறாள். டிவியில் செய்தி வாசிப்பவளைத் தட்டித் தட்டிச் சொல்கிறாள். நேற்று ரயில் நிலையத்தில், கண்ணாடிக்குப் பின்னால் டிக்கெட் கொடுக்கும் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, "வாடி தங்கம், அம்மாகிட்ட வா" என்று கை நீட்டினாள். குட்டி அலறிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சிறையில் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சத் தனி அறை உண்டாமே. கைதி உடையில் அவளைத் தொட மாட்டேன் என்று நீ மறுத்துவிட்டதாக வார்டன் சொன்னார். உடையை அவள் கவனிப்பதே இல்லை, கண்ணு. பார்க்க வரும்போதெல்லாம் நீ கண்ணாடிக்குப் பின்னால்தானே இருக்கிறாய்; கண்ணாடியைத்தான் உன்னோடு சேர்த்துக் கற்றிருக்கிறாள்.

அறைக்குச் சம்மதம் சொல். கண்ணாடி இல்லாமல் பார்க்கும் முதல் தடவை உன்னைக் கண்டும் அலறுவாள். கையை நீட்டியபடியே இரு.

அப்பா